மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் என்ன ஆகும்?

கோடை மழை இடியோடு வருகிற சித்திரை, வைகாசியில் திருப்பூர், ஈரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் வந்து சேர்கிற முதன்மைப் பலகை, அந்த வேலைதான் அதிகம். கரண்ட் ஏறி இறங்கி போர்டு போயிருக்கும். வேறு போர்டு மாட்டி ஆன் செய்தால் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், கணக்கு எழுதுகிற டாலி திறக்கும், பில் பிரிண்ட் ஆகும். ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஓர் எழுத்து வந்து நிற்கும். "ஏனுங்ணா, போன வருசந்தானுங்க காசு குடுத்து விண்டோஸ் போட்டோம். மறுக்காவும் கேக்குதுங்களே?" என்று கணக்குப் பிள்ளை கேட்பார்.

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ரேம் மாற்றினாலே லைசென்ஸ் போய்விடும் என்பார் ஒருவர். லைசென்ஸ் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதைக் கழற்றி எந்தப் பெட்டியில் மாட்டினாலும் கூடவே வரும் என்பார் இன்னொருவர். கீ, அதாவது விண்டோஸுக்கான ரகசிய எழுத்து வரிசை, ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் போதும் என்பார் மூன்றாமவர். "அதை விடுங்க, பென் டிரைவ்ல ஆக்டிவேட்டர் இருக்குது, ரெண்டு நிமிசம்" என்பவரும் உண்டு. முதல் மூன்றும் அரைகுறைத் தகவல். நான்காவது ஆபத்து. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

## கிணற்று சர்வீஸ் மாதிரிதான்

தோட்டத்துக் கிணற்றுக்கு வாங்கிய மின் சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாய இணைப்புக்கு எழுதிக் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியிருப்பார்கள். அந்த அனுமதி குறிப்பிட்ட சர்வே நம்பரில் இருக்கிற குறிப்பிட்ட கிணற்றுக்கானது. மோட்டார் சுட்டுப்போனால் அதே குதிரைத்திறனில் வேறு மோட்டார் இறக்கலாம். பைப்பை மாற்றலாம், ஸ்டார்ட்டரை மாற்றலாம். யாரும் கேட்கப் போவதில்லை. தோட்டத்தை விற்றால், பேர் மாற்றிக்கொண்டு சர்வீஸும் வாங்கியவரிடம் போகும். ஆனால் இரண்டு காடு தள்ளி வேறொரு கிணறு வெட்டி, பழைய சர்வீஸிலிருந்து நாமே ஒயர் இழுத்துக்கொள்ள முடியாது. மின்வாரியத்தில் மனு கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்டு மாற்றித் தர வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிற விண்டோஸ் புரோகிராம்தான் மோட்டார். கழற்றலாம், மாட்டலாம், அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். லைசென்ஸ் என்பது சர்வீஸ், அதாவது அந்தப் புரோகிராமை ஓட்டுவதற்கு மைக்ரோசாஃப்ட் தருகிற அனுமதி. மதர்போர்டுதான் கிணறு.

"விண்டோஸ் போட்டுட்டேன்" என்று நாம் சொல்லும்போது மோட்டார் மாட்டியதைத்தான் சொல்கிறோம். சர்வீஸ் இருக்கிறதா, யார் பேரில், எந்தக் கிணற்றுக்கு என்பது தனிக் கேள்வி. குழப்பம் முழுக்க இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வருகிறது.

## விண்டோஸுக்கு எப்படித் தெரிகிறது?

2001இல் எக்ஸ்பி வந்தபோதுதான் ஆக்டிவேஷன் என்கிற நடைமுறை விண்டோஸுக்கு வந்தது. அதற்கு முன் ஒரே சிடியை ஊர் முழுக்கக் கொடுத்து, ஒரே கீயை எல்லோரும் அடித்துப் போட்டுக்கொள்ள முடிந்தது. ஆக்டிவேஷன் என்றால், இந்த லைசென்ஸ் இந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது என்று மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவு செய்துகொள்வது. அவ்வளவுதான்.

'இந்தக் கம்ப்யூட்டர்' என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் இருக்கிற முக்கியமான பாகங்களின் விவரங்களை விண்டோஸ் படிக்கிறது. மதர்போர்டு, பிராசஸர், நெட்வொர்க் கார்டு, டிஸ்க் போன்றவை. அந்த விவரங்களை அப்படியே அனுப்புவதில்லை. ஒரு கணக்குப் போட்டு அவற்றைச் சுருக்கி ஓர் எண்ணாக்குகிறது. இப்படிச் சுருக்குவதற்கு ஹாஷ் என்று பெயர். விவரத்திலிருந்து எண்ணுக்குப் போகலாம், எண்ணிலிருந்து விவரத்துக்குத் திரும்ப முடியாது. அதனால் உங்கள் டிஸ்க்கின் சீரியல் நம்பர் அங்கே போய்விட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. இப்படிக் கிடைக்கும் அடையாளத்துக்கு ஹார்டுவேர் ஐடி என்று பெயர்.

ஒரு பாகம் மாறினாலே இந்த அடையாளம் செல்லாமல் போகும்படி வைத்திருந்தால் பாதிப் பேர் தினமும் அல்லாட வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பாகத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. ரேமுக்குக் குறைவு, மதர்போர்டுக்கு எல்லாவற்றையும் விட அதிகம். இன்னொன்றும் உண்டு. இன்றைய போர்டுகளில் நெட்வொர்க், சவுண்டு, டிஸ்க் கண்ட்ரோலர் எல்லாம் போர்டிலேயே சேர்ந்து வருகின்றன. நாம் ஒரு பாகம் மாற்றினோம் என்று நினைப்போம். விண்டோஸ் கண்ணுக்கு நான்கைந்து பாகங்கள் ஒரே நாளில் மாறியிருக்கும்.

2015இல் விண்டோஸ் 10 வந்த பிறகு இன்னொரு மாற்றம். முன்பெல்லாம் 25 எழுத்துக் கீதான் ஆதாரம், ஐந்தைந்தாகப் பிரித்து ஸ்டிக்கரில் இருக்கும். இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் லைசென்ஸ். அதாவது, இன்ன ஹார்டுவேர் ஐடி உள்ள கம்ப்யூட்டருக்கு இன்ன விண்டோஸ் உரிமை உண்டு என்று சர்வரில் எழுதி வைத்த பதிவு. நீங்கள் கீ எதையும் அடிக்க வேண்டியதில்லை. நெட் கிடைத்ததும் சர்வர் ஐடியைப் பார்த்து, பதிவு இருந்தால் தானாக ஆக்டிவேட் செய்துவிடும்.

ஆக, லைசென்ஸ் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இல்லை. சர்வரில் இருக்கிறது, உங்கள் மதர்போர்டை அடையாளம் வைத்துத் தேடப்படுகிறது. போர்டு மாறினால் சர்வருக்கு இது முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்.

## உங்களிடம் இருப்பது எந்த வகை?

போர்டு மாற்றிய பிறகு என்ன செய்ய முடியும் என்பது இதைப் பொறுத்தது. கடையில் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு, சொல்கிற கடைகளும் குறைவு.

முதல் வகை ஓஇஎம். கம்ப்யூட்டரைத் தயாரித்தவரே சேர்த்துத் தருகிற லைசென்ஸ். பிராண்டட் லேப்டாப்பில் விண்டோஸ் வந்திருந்தால் அநேகமாக இதுதான். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனிகள் இதன் கீயை போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற புரோகிராம் இருக்கிற சிப்) எழுதிவிடுகின்றன. அதனால்தான் இப்போது லேப்டாப்பின் அடியில் கீ ஸ்டிக்கர் இருப்பதில்லை. விலை குறைவு. ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு முடிகிற லைசென்ஸ். கம்ப்யூட்டரை விற்றால் கூடவே போகும், தனியாகப் பிரித்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிகளுக்கும் சில கடைகள் ஓஇஎம் லைசென்ஸ்தான் தரும். அதுவும் முதலில் ஏற்றிய போர்டோடு கட்டுப்பட்டதுதான்.

இரண்டாவது ரீடெய்ல். தனியாகக் காசு கொடுத்து வாங்குவது, விலை கூடுதல். இது உங்களுக்குத் தந்த அனுமதி. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடலாம், ஆனால் பழையதிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம். மனு கொடுத்து மாற்றிக்கொள்ளக் கூடிய சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வால்யூம். கல்லூரி, பெரிய கம்பெனி போன்ற இடங்களுக்கு மொத்தமாகத் தருவது. இதில் ஒரு முறையில், நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருந்து அங்குள்ள கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்யும். அந்த அனுமதி 180 நாள்தான் நிற்கும், நிறுவன நெட்வொர்க்கில் இருக்கும்வரை தானே புதுப்பித்துக்கொள்ளும். வீட்டுக்காரருக்கும் சின்னப் பட்டறைக்காரருக்கும் இது நேர் வழியில் வந்து சேராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் ஆக்டிவேட்டரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எந்த வகை என்று பார்ப்பது சுலபம். கீபோர்டில் விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடியில் வருகிற ஜன்னலில் இரண்டாவது மூன்றாவது வரியில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒன்று கண்ணில் படும். கீயின் கடைசி ஐந்து எழுத்தும் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை மாற்றினால் என்ன?

ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தருகிற பெட்டி), மானிட்டர், கேபினெட்: கவலையே வேண்டாம். ரேம் கூட்டினால் லைசென்ஸ் போகும் என்பது வெறும் பேச்சு.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும் பிரச்சினை இல்லை. ஃபார்மட் அடித்தாலும் லைசென்ஸ் போகாது, பதிவு சர்வரில் இருக்கிறதே. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது கீ கேட்டால், 'என்னிடம் கீ இல்லை' என்று இருக்கிற வரியை அழுத்தித் தாண்டிவிடுங்கள். நெட் கிடைத்ததும் தானே ஆகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு சின்ன இடத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸில் முக்கியமாக ஹோம், புரோ என்று இரண்டு பதிப்புகள் உண்டு. லேப்டாப்போடு வந்தது பெரும்பாலும் ஹோம். சர்வீஸ் கடையில் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் புரோ போட்டுவிடுவார்கள். ஹோம் லைசென்ஸ் புரோவை ஆக்டிவேட் செய்யாது. உடனே, "உங்க லைசென்ஸ் போயிருச்சுங்க, நான் வேற கீ போட்டுத் தர்றேன்" என்று ஒரு தொகை கேட்பார்கள். லைசென்ஸ் எங்கும் போகவில்லை, ஹோம் பதிப்பை ஏற்றினால் காசில்லாமல் திரும்ப வந்துவிடும். பாவம், தெரியாமல் காசு கொடுத்தவர்கள் நிறைய.

பிராசஸர் மட்டும் மாற்றினால் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். கஷ்டம் எல்லாம் போர்டில்தான். அதிலும் இப்போது இது அதிகமாக வருகிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பிராசஸரும் வேண்டும். ஏழாம் தலைமுறைப் போர்டில் எட்டாம் தலைமுறை வேலை செய்யாது. ஆகவே பழைய பெட்டியை வைத்துக்கொண்டே முன்னேற நினைப்பவர்கள் போர்டையும் சேர்த்துத்தான் மாற்றியாக வேண்டும்.

## போர்டு மாற்றும் முன்னும் பின்னும்

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. போர்டு செத்த பிறகு இதைச் செய்ய முடியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்று போங்கள். விண்டோஸ் 10இல் இது அப்டேட் பகுதிக்குள் இருக்கும். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்பதோடு நின்றால், அந்த லைசென்ஸ் போர்டை மட்டுமே நம்பி இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுடன் இணைந்தது' என்றும் சேர்ந்து வந்தால், உங்கள் பேரிலும் பதிவாகியிருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் இந்த இணைப்பு வசதி உண்டு. அக்கவுன்ட் இல்லையென்றால் ஒன்று உருவாக்கி, அந்தப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் வேலைக்கு இருக்கிற தம்பியின் சொந்த ஈமெயிலில் சேர்க்காமல், கம்பெனி ஈமெயிலில் சேர்ப்பது நல்லது. அவர் வேலையை விட்டுப் போனால் லைசென்ஸும் அவர் பின்னால் போய்விடும்.

போர்டு மாற்றி ஆன் செய்த பிறகு அதே பதிப்பு, அதே அக்கவுன்ட், அட்மின் உரிமை, நெட் எல்லாம் இருக்க வேண்டும். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிரபிள்ஷூட்' என்று ஒரு பட்டன் வரும். அதை அழுத்தினால், 'அண்மையில் இந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டுவேரை மாற்றினேன்' என்று பொருள்படும் ஒரு வரி கிடைக்கும். அதைத் தொட்டால் உங்கள் அக்கவுன்ட்டில் உள்ள கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும். பழையதைத் தேர்ந்து, 'இப்போது நான் பயன்படுத்துவது இதுதான்' என்று உறுதி செய்ய வேண்டும். பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரி புரியாத பெயராக இருக்கும் என்பதால், கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே 'பில்லிங்', 'கட்டிங் செக்‌ஷன்' என்று பெயர் வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டாம். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது, அதற்கும் வரம்பு உண்டு.

ஓஇஎம் லைசென்ஸில் ஒரு வேறுபாடு முக்கியம். வசதிக்காக அடுத்த தலைமுறைப் போர்டு போட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது புதுக் கம்ப்யூட்டர். பழைய ஓஇஎம் அதற்குச் செல்லாது, புது லைசென்ஸ் வாங்க வேண்டும். பழுதாகிப் போன போர்டுக்குப் பதிலாக அதே மாடலோ, தயாரிப்பாளர் அதற்கு ஈடாகத் தருகிற போர்டோ போட்டால் பழைய லைசென்ஸே தொடரும். தானாக ஆக்டிவேட் ஆகாவிட்டால் தயாரிப்பாளரிடமோ மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவிலோ பழுது விவரத்தைச் சொல்லிக் கேட்கலாம். அதனால் சர்வீஸ் பில்லில் 'மதர்போர்டு பழுது' என்று எழுதி வாங்கி வைத்திருங்கள். இடி விழுந்து போன போர்டுக்கு இந்த ஒரு வரி உதவும்.

சிப் லெவல் சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. போர்டையே சரி செய்து தருவதால் லைசென்ஸ் தப்பிக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் பயாஸ் சிப்பை அழித்து, வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த பயாஸை எழுதினால், உங்கள் கீ அதோடு போய்விடும். சில சமயம் யாருடைய கீயோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடுக்கும்போதே, "பழைய பயாஸை ஒரு காப்பி எடுத்துட்டு எழுதுங்ணா, விண்டோஸ் கீ மாறக் கூடாது" என்று சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியனுக்கு இது புரியும், செய்தும் கொடுப்பார்.

சுருக்கமாக, ரீடெய்ல் என்றால் கொண்டுபோகலாம். ஓஇஎம் என்றால் பழுதுக்குப் பதில் அதே போர்டோ தயாரிப்பாளர் தருகிற ஈடான போர்டோ சரி, வேறு போர்டு கூடாது. எதுவானாலும் போர்டு உயிரோடு இருக்கும்போதே அக்கவுன்ட்டில் சேர்த்து வைக்க வேண்டும்.

## ஆக்டிவேட்டரும் ஐந்நூறு ரூபாய்க் கீயும்

ஆக்டிவேட் ஆகாமல் விட்டால் என்ன ஆகும்? வேலை நிற்காது. மூலையில் எழுத்து நிற்கும், வால்பேப்பர், நிறம் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற முடியாது. ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. உரிமை இல்லாமல் ஓட்டுகிறோம் என்பது இருந்தாலும், இரவோடு இரவாகப் பதறி எதையாவது செய்ய வேண்டிய நிலை இல்லை. பதற்றத்தில்தான் தப்பான வழிக்குப் போகிறார்கள்.

ஆக்டிவேட்டர் என்று சொல்கிற புரோகிராம்களில் பல, மேலே சொன்ன நிறுவன சர்வர் போல நடித்து விண்டோஸை ஏமாற்றுபவை. மூலையில் எழுத்து மறையும், ஆனால் லைசென்ஸ் எதுவும் வந்துவிடவில்லை. அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பேங்க் லாகின், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் காவலை நிறுத்திவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமுக்கு முழு அதிகாரம் கொடுப்பது எனக்கு எந்த விதத்திலும் சரியாகப் படவில்லை. இப்படிப்பட்டவற்றோடு பாஸ்வேர்டு திருடும் வைரஸ் சேர்ந்து வந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்க்கும் அதற்குக் கீழேயும் விற்கிற கீ பல நேரம் ஏதோ நிறுவனத்தின் வால்யூம் கீயாகவோ, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஓஇஎம் கீயாகவோ இருக்கும். இன்று ஆக்டிவேட் ஆகும். கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கினால் போய்விடும், அடுத்த முறை போர்டு மாற்றும்போது கேட்க நாதி இருக்காது. காசில்லை என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக் கூடிய லினக்ஸ் இருக்கிறது. அதற்கு ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை, எந்தப் போர்டில் வேண்டுமானாலும் ஏற்றலாம். பிரவுசரும் ஈமெயிலும் போதும் என்கிறவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

## டாலியை மறந்துவிடாதீர்கள்

நம் பக்கத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் கணக்குக்காகத்தான் ஓடுகின்றன. விண்டோஸ் லைசென்ஸ் வேறு, அதன் மேல் ஓடுகிற டாலியின் லைசென்ஸ் வேறு. டாலியும் கம்ப்யூட்டரை அடையாளம் வைத்துத்தான் ஆக்டிவேட் ஆகிறது. போர்டு மாற்றும் முன் டாலிக்குள் லைசென்ஸ் பகுதிக்குப் போய் 'சரண்டர்' கொடுத்துவிட்டு, புதிய போர்டில் திரும்ப ஆக்டிவேட் செய்தால் சிக்கல் இல்லை. போர்டு ஏற்கெனவே செத்துவிட்டால், லைசென்ஸ் பதிவான ஈமெயிலை வைத்து ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். அந்த ஈமெயில் பழைய கணக்குப் பிள்ளையுடையதா, கம்பெனியுடையதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கும்போது பில்லில் 'விண்டோஸ்' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். ஹோமா புரோவா, ஓஇஎம்மா ரீடெய்லா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் விண்டோஸ் வாங்க வேண்டாம், கம்ப்யூட்டரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.